திருக்கோணமலை என்னும் திருப்பெயர்

ஈழநாட்டில் தேவாரத் திருப்பதிகம் பெற்ற சிவதலங்கள் இரண்டு. மேல்கடற்கரையில் மாதோட்டத்துள்ள திருக்கேதீச்சரம் ஒன்று. கீழ்கடற்கரையில் உள்ள திருக்கோணமலை மற்றொன்று. இவற்றுட் பின்னையது, நிலத்தினின்றும் நீண்டு கடலினுட் புகுந்த ஒரு முனையின் கோடியில், முந்நூறடிக்கு மேற்பட்ட உயரமுடையதாய்ச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறையின் உச்சியில் விளங்குவது. அப்பாறை கீழைக் கடலிற் செல்லும் மரக்கலங்களுக்கெல்லாம் நெடுந்தொலைவினின்றே புலப்படும் அடையாளமாயிருந்தது. ஆங்கிலேயர் அதனைச் சுவாமி பாறை எனத் தம் மொழியில் வழங்கினர். அதன் ஒருபால் மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடக்கும் வெடிப்பினை இராவணன் வெட்டு என்று ஊரவர் கூறுவர். இலங்கைவேந்தன் தன் தாய் வழிபடுதற்பொருட்டு இம்மலையை வாளால் வெட்டிப் பெயர்க்க முயன்ற வடு அஃதென்பது செவிவழிச் செய்தி.

இத்துணைச் சிறப்புடைய பாறையின் பழம்பெயர் யாது? வினா எளியது போலத் தோன்றினும் விடை ஒருதலையாக வழங்கிற்றில்லை. திருகோணமலை என்றும், திருக்கோணமலை என்றும், திரிகோணமலை என்றும் மூவகையாக எழுதுவாருளர். வடநூலார் கோகர்ணம் என்பர். பாலிநூலார் கோகண்ணம் என்பர். புராணநூலார் தட்சிண கைலாசம் என்றும் திரிகூடம் என்றும் கூறுவர். இப்பெயர்களுள் பாறைக்கு உரியது எது, கோயிலுக்கு உரியது எது, பிற்காலத்தார் பொருள்காணப் புகுந்து புனைந்தது எது என்று பகுத்துணர்தல் சைவ நன்மக்களுக்கு வேண்டுவதேயாம். என்னை? கோயில் முழுவதும் இடிக்கப்பட்டுக் கல்லும் சிதறுண்டு போயின ஒரு தலத்திற்கு, அழியாது எஞ்சிய உடைமை அதன் பெயரே ஆகலின்.

பலரும் கூறும் பொருளை முதற்கண் ஆராய்தல் முறை. திரி என்பது மூன்று. கோணம் என்பது மூலை அல்லது கொடுமுடி. ஆகவே மூன்று கோணங்களையுடைய மலை திரிகோணமலை என்பது அவர் கூற்று. இதற்குத் துணையாக ஒரு புராணவரலாறும் எடுத்துக்காட்டப்படும். ஆதிசேடனும் வாயுதேவனும் தம்முள் மாறுகொண்டு வலிமை காட்டிய காலத்து, காற்றின் வேகத்தாற் பெயர்ந்த சிகரங்கள் மூன்று தென்றிசையில் வீழ்ந்தன என்றும், அவை திருக்காளத்தி, திருச்சிராப்பள்ளி, திருக்கோணமலை என நின்றன என்றும் கூறுவது அவ்வரலாறு. மூன்றென்னும் எண் ஈண்டும் வருதலின், பெயரின் முதலில் நிற்பது திரி என்னும் எண்ணுப்பெயரே என்று பலரும் துணிந்தனர்.

இத்துணிவு பொருந்துமோ என்பதனைத் தேவாரத்தின்வழி நோக்குக. திருஞானசம்பந்த சுவாமிகள் 7ஆம் நூற்றாண்டினர். அவர் இத்தலத்திற்கு அருளிச்செய்த திருப்பதிகம் மூன்றாந் திருமுறையில் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. பிள்ளையார் இராமேச்சரத்தில் எழுந்தருளியிருந்து, கடலுக்கு அப்பாலுள்ள கோணமலையையும் கேதீச்சரத்தையும் நினைந்து வழிபட்டுப் பாடினார் என்பது சேக்கிழார் பெருமான் திருவாக்கு. அப்பதிகத்தின் பாட்டுத்தோறும் தலத்தின் பெயர் வருகின்றது. வருமிடமெல்லாம் அது கோணமாமலை என்றே வருகின்றது. திரி என்னும் சொல் அப்பெயரோடு சார்ந்து ஓரிடத்தும் நின்றதில்லை. திரு என்னும் அடையும் இல்லை. அலைகள் முத்தினைக் கொணர்ந்து கரையில் எறிவதும், குடியிருப்புகள் மிகுந்து ஊர் செழித்திருப்பதும் ஆகிய செய்திகள் பதிகத்துட் சொல்லப்பட்டன. மூன்று சிகரம் என்னும் செய்தி சொல்லப்படவில்லை.

கோணமாமலை என்னும் சொல்லின் அமைப்பும் கருதற்பாலது. கோணம், மா, மலை என்பன அதன் உறுப்புக்கள். மா என்பது பெருமை குறித்த உரிச்சொல். அது கோணம் என்பதற்கும் மலை என்பதற்கும் இடையில் வந்து நிற்கின்றது. அதனை நீக்கினால் கோணமலை என்பதே எஞ்சும். ஆகவே, பாறையின் இயற்பெயர் கோணம் என்பதும், மலை என்பது அதன் வகைகுறித்து வந்ததென்பதும் பெறப்படும்.

அற்றேல், திரி என்பது பெயரின் உறுப்பாயிருந்தும் செய்யுள் நோக்கி விடப்பட்டது என்னாமோ எனின், என்னாம். தேவார ஆசிரியர்கள் தலப்பெயர்களில் திரு என்னும் அடையை விடுத்துப் பாடுதல் பெருவழக்கு. திருவாரூர் ஆரூர் எனப்படும். திருவண்ணாமலை அண்ணாமலை எனப்படும். ஆயின் பெயரின் உறுப்பாய் நிற்கும் எண்ணினை அவர்கள் விடுவதில்லை. திருவையாறு என்பதனை நோக்குக. அது செய்யுளில் ஐயாறு என நிற்கும். அடையாகிய திரு நீங்கும். ஐந்து ஆறுகளைக் குறிக்கும் ஐ நீங்காது. அதனை வெறுமனே ஆறு என்று எவரும் பாடிற்றிலர். கோணமலைக்கும் மூன்றென்னும் எண் உறுப்பாயிருந்ததாயின், திரு நீங்கியவழியும் அவ்வெண் நீங்காது நின்றிருத்தல் வேண்டும். நில்லாமையால், முதலில் நின்று நீங்கிய சொல் திருவே என்பது தெளிவு.

திரு என்பது அடையாயின், வருமொழி முதலிலுள்ள ககரம் மிகுந்து திருக்கோணமலை என்றாதலே மரபு. திருக்கடவூர், திருக்கோவலூர், திருத்தணி, திருப்பனந்தாள், திருச்செந்தூர் என வல்லெழுத்து மிகுந்தே எல்லாத் தலப்பெயரும் வழங்குகின்றன. இக்காலத்து அரசாங்க ஏடுகளிலும் ஊர்ப்பலகைகளிலும் திருகோணமலை என ஒற்றின்றி எழுதும் வழக்குப் பரவியுளது. பழைய கல்லிலும் ஓலையிலும் ஒற்றின்றி எழுதியிருத்தலும் உண்டன்றோ எனின், கல் பொறிப்போரும் ஏடெழுதுவோரும் புள்ளியும் ஒற்றும் விடுதல் யாண்டும் உள்ளதே. அது கைப்பழக்கமேயன்றிப் பெயரின் வடிவாகாது. ஒற்று விடுபட்டவழி, திருகோணம் என்னும் ஒலி திரிகோணம் என்பதனோடு மிக நெருங்கிவிடுகின்றது. இகரத்திற்கும் உகரத்திற்கும் உள்ள சிறு வேறுபாடு பேச்சில் மறைய, பொருளும் மாறிப்போகின்றது.

இனிக் கல்வெட்டுக்களை நோக்குக. திருக்கோணமலைக்கு வடக்கே கடற்கரையிலுள்ள நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டு, மகாதேவருடைய நாட்செலவுக்கென விடப்பட்ட நிலங்களைக் கூறுவது. நாட்செலவினை நிச்சலழிவு என்பது அக்காலத்து வழக்கு. அக்கல்வெட்டில் இம்மலை கோணபர்வதம் என வழங்கப்பட்டுளது. கோயிலின் பெயர் மச்சகேச்சரம் என்னும் பொருள்பட மத்ஸ்யகேஸ்வரம் எனக் குறிக்கப்பட்டுளது. இலங்கையிற் சோழர் பேராளாயிருந்த சோழ இலங்கேசுவரதேவன் காலத்து மானாங்கேணிக் கல்வெட்டிலும் கோயிலுக்கு மத்ஸ்யகேஸ்வரம் என்னும் அப்பெயரே காணப்படுகின்றது.

இச்செய்தியால் இரண்டு உண்மைகள் போதரும். ஒன்று, மலையின் பெயர் வேறு, கோயிலின் பெயர் வேறு என்பது. மாதோட்டம் ஊராகவும் கேதீச்சரம் கோயிலாகவும் இருத்தல் போல, கோணமலை இடமாகவும் மச்சகேச்சரம் ஆலயமாகவும் இருந்தன. பிற்காலத்து ஆலயப்பெயர் வழக்கொழிய, மலைப்பெயரே இறைவனுக்கும் ஆகி, கோணேசர், கோணநாதர், கோணேச்சரம் என்னும் பெயர்கள் நிலைபெற்றன போலும். மற்றொன்று, மலையென்னும் தமிழ்ச்சொல்லை வடமொழிப்படுத்தி பர்வதம் என்று எழுதியவர், கோணம் என்பதனை அவ்வாறே நிறுத்தினர் என்பது. திரி என்னும் வடசொல் பெயரில் உண்மையாகவே இருந்திருப்பின், வடமொழிப்படுத்துவோர் அதனை விட்டுவிடக் காரணமில்லை. திரிகோணபர்வதம் என்றெழுதுதலே அவர்க்கு எளிதும் இனிதுமாயிருக்கும். அவர் கோணபர்வதம் என்றே எழுதினர்.

அடுத்து, திரிகூடம் என்னும் பெயரை நோக்குக. திரிகூடம் என்பது மூன்று கொடுமுடியுடையது. இராவணனது இலங்கை திரிகூடமலையின்மேல் இருந்ததென்பது இதிகாச புராண வழக்கு. அத்திரிகூடமே திருக்கோணமலை என்று கொள்வாருளர். ஆயினும் வாயு புராணத்துள், திரிகூடத்தின்மேல் இலங்கை நகர் அமைந்ததென்று கூறியபின், அத்தீவின் கீழ்ப்பால் கடற்கரையில் கோகர்ணம் என்னும் பெயருடைய சங்கரனது பேராலயம் உளதென்று தனியே கூறப்பட்டுளது. ஆகவே புராணகாரர் கருத்தில் திரிகூடம் ஓரிடம். கடற்கரைச் சிவாலயம் மற்றோரிடம்.

கல்வெட்டும் இதற்கு அரணாகின்றது. சடையவர்மன் வீரபாண்டியன் 1263ஆம் ஆண்டை ஒட்டி இலங்கையின்மேற் படையெடுத்து வென்றான். அவ்வெற்றியைக் கூறும் குடுமியான்மலைக் கல்வெட்டு, அவன் கோணமலையிலும் திரிகூடகிரியிலும் பாண்டியர் இலச்சினையாகிய இரட்டைக் கயலைப் பொறித்தான் என்கின்றது. எண்ணும்மை கொடுத்து இரண்டனையும் வெவ்வேறாகக் கூறியமையின், 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியநாட்டுப் புலவர் கோணமலையும் திரிகூடமும் ஒன்றெனக் கொண்டிலர் என்பது வெளிப்படை. கோணமலைக் கோட்டையின் வாயிற்கல்லில் இன்றும் காணப்படும் இணைக்கயல் உருவம் இச்செய்தியை நினைப்பிப்பதாகும்.

அற்றாக, திரி என்னும் கருத்து இத்துணை வேரூன்றியது எவ்வாறு? இதற்கு இரண்டு காரணம் கூறலாம். முதற்காரணம் மேனாட்டார் நாவில் திரு என்னும் சொல் அடைந்த திரிபு. திரு என்பதன் ஈற்றுயிர் அவர் வாயிற் குறைந்தும் மறைந்தும் ஒலித்தது. திருச்சிராப்பள்ளி டிரிச்சினாப்பொலி ஆயிற்று. திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆயிற்று. திருவிதாங்கூர் டிராவன்கோர் ஆயிற்று. திருவனந்தபுரம் டிரிவாண்ட்ரம் ஆயிற்று. அம்முறையே திருக்கோணமலையும் போர்த்துக்கீசர் வாயில் திரிக்கினிமலை என்றாற்போன்ற உருவங்களை எய்தி, ஆங்கிலேயர் வாயில் டிரிங்கோமலி ஆயிற்று. திருவல்லிக்கேணியில் மூன்று அல்லி உளவென்று எவரும் பொருள் கூறார். கோணமலைக்கு மட்டும் கோணம் என்னும் சொல் அடுத்து நிற்றலின், திரிகோணம் என்னும் கணக்கியற் சொல் எளிதில் நினைவுக்கு வந்து மயக்கிற்று.

இரண்டாங்காரணம் தலபுராண ஆசிரியர் பெயர்க்குப் பொருள் விரிக்கும் மரபு. இதற்குத் திருச்சிராப்பள்ளி நல்லதோர் ஒப்புமை. தேவாரத்துள் அதன் பெயர் சிராப்பள்ளி. பின்வந்தோர் திருச்சிரா என்பதனைத் திரிசிரா எனக் கொண்டு, மூன்று தலையையுடைய திரிசிரன் என்னும் அசுரன் வழிபட்ட தலமென்று வரலாறு கூறினர். அதுபற்றியே திரிசிராமலை, திரிசிரபுரம் என்னும் பெயர்களும் எழுந்தன. இரண்டும் உயர்ந்த பாறையின்மேல் அமைந்த தலங்கள். இரண்டிலும் திரு என்னும் அடை திரி என்னும் எண்ணாக மாறி, எண்ணுக்கேற்ற கதையும் உடன் வந்தது. சிராப்பள்ளியில் நிகழ்ந்தது கோணமலையிலும் நிகழ்ந்ததென்றல் வியப்பன்று.

இங்ஙனம் கூறுதல் புராணத்தை இழித்ததாகாது. தலபுராணம் தலத்தின் அருட்பெருமையை உணர்த்த எழுந்தது. சொல்லின் பிறப்பை உணர்த்த எழுந்ததன்று. கயிலையின் ஒரு சிகரமே தென்கடற்கரையில் நிற்கின்றதென்னும் உணர்வு, ஆங்குச் சென்று பணிவார்க்கு எத்துணை உருக்கத்தை விளைக்கும் என்பதனை அன்பரே அறிவர். தட்சிண கைலாசம் என்னும் பெயர் அவ்வுணர்வின் பயன். அப்பெயரை இலக்கணத்தாற் சோதித்தல் வேண்டா. கோணமலை என்னும் பெயரோ ஊர்மக்கள் நாவினின்றும் பிறந்து கல்லிலும் பாட்டிலும் ஏறியது. அதனை ஆராயுங்கால் கல்லும் பாட்டுமே சான்றாதல் வேண்டும்.

இனிக் கோகர்ணம் என்னும் பெயரை ஆராய்தல் வேண்டும். எழுத்தில் ஏறிய காலத்தை மட்டும் நோக்கின், இதுவே முற்பட்டதென்பதனை மறுத்தல் கூடாது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் மகாவமிசத்துள், மகாசேனன் என்னும் அரசன் தேவாலயங்களை அழித்து மூன்று விகாரைகளைக் கட்டினான் என்றும், அவற்றுள் ஒன்று கோகண்ண விகாரை என்றும் கூறப்பட்டுளது. இம்மகாசேனன் 3ஆம் நூற்றாண்டின் இறுதியினனாகப் பலராலும் எண்ணப்படுவான். மகாவமிசத்தின் உரையாசிரியர், அழிக்கப்பட்டவை சிவலிங்கம் முதலியன என்பதுபட உரைத்தனர். கோகண்ணம் கீழ்கடற்கரையது என்பதும் அவ்வுரையாற் பெறப்படும். சைவர்க்கு இச்செய்தி துன்பம் தருவதாயினும், ஒருவகையில் துணையாவது. பிற சமயத்தார் தம் நூலிலேயே, தம் அரசன் செயலைப் புகழ்ந்து கூறுமுகத்தால், அவ்விடத்து அவனுக்கு முன்னரே சிவவழிபாடு நிலைபெற்றிருந்ததனை ஒப்புக்கொண்டனர் என்க.

சூளவமிசத்துள் மற்றொரு செய்தி உளது. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசெய்திய மானவம்மன் என்பான், கடலருகிலுள்ள கோகண்ணத்தில் மந்திரம் செபித்தபோது, குமாரக்கடவுள் மயிலின்மேல் தோன்றினார் என்பது அது. இம்மானவம்மன் காஞ்சியில் நரசிம்மவர்ம பல்லவனிடம் அடைக்கலம் புகுந்து, அவன் படைத்துணையால் நாடு பெற்றவன். அப்பல்லவன் காலமே சிறுத்தொண்டர் காலம். சிறுத்தொண்டரோடு அளவளாவிய ஆளுடைய பிள்ளையார் காலமும் அதுவே. ஆகவே ஒரே நூற்றாண்டின் நிகழ்ச்சியைக் கூறுமிடத்து, பாலிநூல் கோகண்ணம் என்கின்றது. தமிழ்ப்பதிகம் கோணமாமலை என்கின்றது.

வடமொழிக் கல்வெட்டும் ஒன்றுண்டு. கோணமலைக் கோட்டையினுட் கிடைத்த கிரந்த எழுத்துக் கல்வெட்டு, சகம் 1145, அஃதாவது 1223ஆம் ஆண்டில், சோடகங்கதேவன் என்பான் வந்தமையைக் கூறி, இவ்விடத்தைக் கோகர்ணம் எனக் குறிக்கின்றது. சோடகங்கன் என்பது கலிங்கநாட்டுக் கீழைக்கங்கர் மரபில் வழங்கிய பெயர். அக்கங்கர் மகேந்திரமலையில் எழுந்தருளிய கோகர்ணசுவாமியைக் குலதெய்வமாகப் போற்றியவர்.

இவற்றால், கோகர்ணம் என்பது வடமொழியும் பாலியும் எழுதினார் வழங்கிய பெயர் என்பதும், கோணமலை என்பது தமிழர் வழங்கிய பெயர் என்பதும் புலனாகும். அங்ஙனமாயின் கோகர்ணமே கோகண்ணமாகி, கோணமாகத் தேய்ந்தது என்னலாமோ எனின், அதற்குத் தேவாரமே விடை தருகின்றது. துளுவநாட்டு மேல்கடற்கரையில் கோகர்ணம் என்னும் புகழ்பெற்ற சிவதலம் ஒன்றுளது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அதற்குத் திருப்பதிகம் அருளினர். அப்பதிகங்களுள் அதன் பெயர் கோகரணம் என வரும். புதுக்கோட்டையை அடுத்த குடைவரைக் கோயிலும் திருக்கோகரணம் என்றே வழங்கும். கோகர்ணம் என்னும் வடசொல் தமிழ்வாயிற் புகுந்தவழிக் கோகரணம் ஆதலன்றிக் கோணம் ஆயிற்றில்லை. மேலைக்கடலில் கோகரணத்தைப் பாடிய அதே திருவாய், கீழைக்கடலில் கோணமாமலை என்று பாடிற்று. இரண்டும் ஒரு சொல்லின் இருவேறு வடிவமாயின், ஆசிரியர் இங்ஙனம் வேறுபடுத்தியிரார். ஆதலின் ஒன்றை மற்றொன்றின் திரிபாக்க முயலுதலினும், ஒரு பாறைக்கு இருமொழியாளரிடத்து இருபெயர் உடனிலையாக வழங்கின எனக் கொள்ளுதலே சான்றோடு பொருந்துவது.

கோணம் என்பதன் பொருள் யாது? கோண் என்பது வளைவு. கோணல், கோணுதல் என்னும் சொற்கள் அதனடியாகத் தமிழில் வழங்குவன. கோணம் என்னும் வடசொல்லோ மூலை, முனை என்னும் பொருளது. இவ்விரண்டனுள் எதனைக் கொள்ளினும் இடத்தின் இயல்போடு முரணாது. குடந்தைத் தலத்தின் பெயர் இதற்கு விளக்கம் தரும். தேவாரத்துள் அது குடமூக்கு எனப்படும். பிற்காலத்து அது கும்பகோணம் ஆயிற்று. குடம் கும்பமாயிற்று, மூக்கு கோணமாயிற்று. ஆகவே நீண்டு குவிந்து முனையாக நிற்கும் உறுப்பினைக் கோணம் என்னும் சொல்லால் உணர்த்துதல் தமிழ்நாட்டுத் தலவழக்கிற் காணப்படுவதேயாம். கடலில் மீன் பிடிப்போரும் கலம் ஓட்டுவோரும் தொலைவினின்று நோக்குவார்க்கு இப்பாறை நிலத்தின் மூக்குப்போல நீருள் நீண்டு தோன்றும். முனையாகிய மலை என்னும் எளிய பொருளே கோணமலைக்கு அமைவுடைத்து. அவ்வெளிய பெயரின்மேல் இறைவன் எழுந்தருளியமையால் திரு என்னும் அடை ஏறிற்று. திருக்கோணமலை என்னும் பெயரின் வரலாறு இத்துணையே.

அப்பெயர் கடந்துவந்த இடர்களோ பல. போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா என்பான் 1622ஆம் ஆண்டினை அடுத்துக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அம்முனையிற் கோட்டை எழுப்பினான். தூண்களும் சிற்பங்களும் மதிலிற் புதைந்தன. பல கடலில் வீழ்ந்தன. முன்பு குளக்கோட்டன் அமைத்த திருப்பணியைப் பின்பு பறங்கியர் பிரிப்பர் என்னும் பொருள்படும் பாட்டொன்று கோட்டை வாயிற்கல்லிற் காணப்படுவதனை அறிவார் பலர். பின்வந்த ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைக்கொண்டு, 1803ஆம் ஆண்டில் தம் அரசன் மகனொருவன் பெயரால் பிரெடெரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டைக்குப் புதுப்பெயர் வந்தது. மலையின் பெயர் மாறிற்றில்லை.

கோயில் இல்லாத அக்காலத்தும் வழிபாடு முற்றும் ஒழிந்ததில்லை. 1859ஆம் ஆண்டில் வெளிவந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனந்து என்பாரின் இலங்கை பற்றிய நூலில், பாறையின் விளிம்பில் நின்று அந்தணர் கடலைநோக்கி வழிபாடாற்றிய செய்தி எழுதப்பட்டுளது. கருவறையும் விமானமும் இன்றி, வெறும்பாறையே கோயிலாக, கடலே திருமுன்னாக அன்பர் பணிந்தனர். திருமேனி காணாதவர்க்குத் திருப்பதிகமே திருமேனியாயிருந்தது. பிள்ளையார் கோயிலின் பெயரைப் பாடாது, கோணமாமலை அமர்ந்த பெருமான் என மலையின் பெயரால் பாடியருளியமை ஈண்டு நினையத்தக்கது. மச்சகேச்சரம் என்னும் ஆலயப்பெயர் ஆலயத்தோடு மறைந்தது. மலைப்பெயரோ மலையுள்ளவரை நிற்பதாயிற்று.

1950ஆம் ஆண்டில், கோயிலிருந்த இடத்திற்குச் சிறிது தொலைவில் நிலத்தை அகழ்ந்தபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மை, பிள்ளையார் முதலிய செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. இடிப்பார் கைக்கு எட்டாதவாறு அடியார் புதைத்துக் காத்தவை அவை என்பது ஊரார் கொள்கை. அதே பத்தாண்டுகளின் பிற்பகுதியில், பாறையின் அடியில் கடலினுள் மூழ்கிப் பார்த்த ஆர்தர் கிளார்க்கு, மைக்கு வில்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர், தூண்களும் செதுக்கிய கற்களும் நீரடியிற் கிடத்தலைக் கண்டு வெளியிட்டனர். பாறையின் உச்சியில் மீண்டும் கோயில் எடுக்கப்பெற்று, 1963ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது. இப்பொழுதுள்ள கோயில் அதுவே. கோட்டை வாயிலைக் கடந்து, கோட்டையின் நடுவாகவே அன்பர் இன்றும் மலையேறிச் செல்லுகின்றனர்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குக. பாறையின் பெயர் கோணம் அல்லது கோணமலை. இதற்குச் சான்று 7ஆம் நூற்றாண்டுத் திருப்பதிகமும், சோழர்காலத்து நிலாவெளிக் கல்வெட்டும், பாண்டியர் குடுமியான்மலைக் கல்வெட்டும் ஆம். கோகர்ணம் அதே இடத்திற்கு வடமொழியாளரும் பாலிநூலாரும் தொன்றுதொட்டு வழங்கிய பெயர். மச்சகேச்சரம் ஆலயத்தின் பெயர். தட்சிண கைலாசம் அன்பினால் ஏற்றிய பெயர். திரிகூடம் பழநூல்களில் வேறோரிடமாகக் கூறப்பட்டது. திரிகோணம் என்பதோ, திரு என்னும் அடையைப் பிறழ உணர்ந்தமையாற் பிறந்த பெயர்.

இதனால் வரும் பயன் என்னை என்று வினவுவாரும் இருப்பர். திரிகோணமலை என்று எழுதுங்கால் அச்சொல் ஒரு நிலத்தின் வடிவத்தை மட்டும் உணர்த்தும். திருக்கோணமலை என்று எழுதுங்கால், அந்நிலம் இறைவன் திருவடி பொருந்திய நிலம் என்பதும், அதனை அங்ஙனம் உணர்ந்து போற்றிய ஒரு மக்கட்கூட்டம் ஆங்கு வாழ்ந்ததென்பதும் உடன் உணரப்படும். விகாரை கட்டிய அரசனும், கோட்டை கட்டிய பறங்கியும் அழிக்கமாட்டாத அவ்வுணர்ச்சியை, எழுதுவோர் தம் கவனக்குறைவால் அழித்தல் தகாது. ஆகவே திருமுறைப் பதிப்பிப்போரும், பாடநூல் எழுதுவோரும், தலயாத்திரைக் குறிப்பு வெளியிடுவோரும் திருக்கோணமலை எனக் ககரவொற்றுக் கொடுத்தே எழுதுவாராக.